பலாப்பெட்டியின் ஒரே குறை

அத்தியாயம் 9

பெட்டி நல்ல பெட்டிதான். உத்திராபதிக்கு அதுதான் சிக்கல்.

சிதம்பரத்தில் அந்தக் காவல் நிலையத்தின் பின்புறம், ஓடாத ஜீப்புக்கும் பறிமுதல் செய்த மணல் வண்டிக்கும் நடுவில், உச்சி வெயிலில் அது கிடந்தது. ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். மூடியில் எட்டுப் பூட்டுக்கு எட்டுக் கொண்டி. தண்ணீர் உள்ளே இறங்கப் பக்கத்துக்குப் பத்துத் துளை. இருபது நாளைக்கு முன், காணும் பொங்கலன்று, ஊருக்கு வெளியே ஒரு குளத்தில் கிரேன் வைத்து இதை இறக்கினார்கள். உள்ளே கைவிலங்கோடு இருந்தவன் மேஜிக் இளவரசு. ஒரு நிமிஷத்தில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சொட்டச் சொட்ட வந்து வணக்கம் வைக்க வேண்டியவன். ஆறு நிமிஷம் கழித்துப் பெட்டியை மேலே தூக்கிப் பூட்டுகளைத் திறந்தபோது அவன் பிணமாக இருந்தான்.

இளவரசு, உத்திராபதியின் தங்கை மகள் அருள்மொழியின் புருஷன். உறவுக்கு மாப்பிள்ளை. ஆனால் அந்தச் சொல்லை உத்திராபதி பன்னிரண்டு வருஷமாக வாயில் எடுத்ததில்லை. திருவந்திபுரத்தில் நாலு தலைமுறையாகத் தலைநிமிர்ந்து வாழ்ந்த குடும்பத்துப் பெண் ஒரு வித்தைக்காரனோடு போனாள் என்றால் அவள் செத்தவளுக்குச் சமம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். குற்றப்பிரிவில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, மஞ்சக்குப்பத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் மனிதர். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துப் பழக்கமில்லாதவர்.

ஆனால் குடும்பத்துப் பெண் கொலைகாரி என்று பேப்பரில் வருவது வேறு விஷயம்.

"அஞ்சு மணி வரைக்கும்தான் சார்," என்றார் இன்ஸ்பெக்டர் கனிமொழி. "நீங்க சர்வீஸ்ல எனக்கு முன்னாடி இருந்தவரு. அந்த மரியாதைக்குத்தான் பெட்டியைத் தொடவே விட்டேன். அஞ்சு மணிக்குக் கடலூர் வந்து உங்க மருமகளைக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"அவள் செய்தாள் என்பதற்கு என்ன இருக்கிறது?"

"பெட்டிதான் இருக்குது. நீங்களே பாருங்க. ஒரு குறை காட்டுங்க."

உத்திராபதி திரும்பி, "மெஹ்ரீன்," என்றார்.

மெஹ்ரீன் லால்பேட்டைக்காரி. அப்பாவின் பூட்டுச்சாவிக் கடையில் வளர்ந்தவள். அவள் திறக்காத பூட்டும் கிடையாது, பூட்டி வைத்த வாயும் கிடையாது. நாலு வருஷமாக உத்திராபதிக்கு உதவியாளர்.

"உள்ள போறேன் சார். வெளிய வரலன்னா எங்க வீட்டுக்குச் சொல்லிடுங்க. என் ஸ்கூட்டர நீங்க ஓட்டாதீங்க, அது போதும்."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பெட்டிக்குள் உட்கார்ந்தாள். கான்ஸ்டபிள் மூடியைப் பூட்டினார். உத்திராபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாவது நொடியில் பெட்டியின் பின்பக்கப் பலகை ஒன்று சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. மெஹ்ரீன் பாம்புபோல் வெளியே வந்தாள்.

"பலம் சொல்லு. குறை சொல்லு," என்றார்.

"பூட்டு எட்டும் அசல். யாரு வேணாலும் அவுங்க வீட்டுப் பூட்டக் கொண்டாந்து போடலாம். வித்தை பூட்டுல இல்ல சார், பலகைல. வெளிய தெரியற ஆணியெல்லாம் வெறும் தலை. உள்ள ஒரு மரமுளை. அத எடுத்துட்டுத் தள்ளினா பலகை காடிப் பள்ளம் வழியா ஓடுது. இடுக்குல பிளேடு கூட நுழையல. பண்ணவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்."

"குறை?"

அவள் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். "லேசா பிசுக்கு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியல சார்."

கனிமொழி சிரிக்கவில்லை. "புரியுதா சார்? பெட்டி வேலை செய்யுது. அப்ப யாரோ வேலை செய்ய விடல. பலகை ஓரத்துல இருக்கற துளைல ஒரு ஆணிய விட்டா பலகை நகராது. பெட்டிய இறக்கறதுக்கு முன்னாடி துணியும் கையுமா அதைச் சுத்தி வந்தது ஒரே ஆளு. வீடியோ இருக்கு. முந்தின நாள் சண்டைல 'செத்துத் தொலை'ன்னு கத்தினதப் பக்கத்து வீட்டுல கேட்டிருக்காங்க. ரெண்டு நாள் கழிச்சு அவ உள்ளங்கை ரெண்டும் வெந்து கொப்பளம். என்னா மருந்தத் தொட்டான்னு சொல்ல மாட்டேங்கறா. செத்தவர் நகத்துக்குள்ள பழுப்பா ஏதோ பசை."

வழக்கமாக ஒரு பொருள் எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இந்தப் பெட்டிக்குக் கணக்கு தலைகீழ். மெஹ்ரீன் அடுக்கிய ஒவ்வொரு பலமும் அருள்மொழியின் கழுத்தில் ஒரு முடிச்சு. ஒரே ஒரு குறை கிடைத்தால் அவள் பிழைப்பாள்.

உத்திராபதி குனிந்து பலகையைப் பார்த்தார். கரும்பழுப்பு நிறம். வெயிலில் ஒரு மங்கிய பளபளப்பு. எங்கேயோ தினமும் பார்க்கும் பளபளப்பு. எங்கே என்று பிடிபடவில்லை.

"இதைச் செய்த ஆசாரி யார்?"

"இங்கதான் சார். தெற்கு வீதி பக்கம் ஒரு சந்து. அப்துல் வதூது. எங்க அத்தா கடைக்கு மரப்பெட்டி பண்ணித் தந்தவர்," என்றாள் மெஹ்ரீன். "போற வழில கிரேன் ஆப்பரேட்டரையும் பாத்துடலாம். ஸ்டாண்டுலதான் நிப்பாரு."

கிரேன்காரர் தம் வலது கையைக் காட்டினார். விரல்களில் தோல் உரிந்து, கருத்த தழும்பு. "பெட்டிய சங்கிலிலேர்ந்து கழட்டினேன் சார். மூணாம் நாளு கொப்பளமா போட்டுடுச்சு. குளத்துத் தண்ணின்னு நெனச்சேன். போலீஸ் என்னை ஒண்ணும் கேக்கல."

"கை வெந்தவங்கள எல்லாம் புடிக்கறதுன்னா கிரேனையும் சேத்துப் புடிக்கணும்," என்று முணுமுணுத்தாள் மெஹ்ரீன்.

அப்துல் வதூதின் பட்டறையில் இழைப்புச் சுருள்கள் கணுக்கால் வரை கிடந்தன. அவர் கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினார். அதே பெட்டி, பக்கத்தில் சிரித்துக்கொண்டு இளவரசு. ஆனால் பெட்டி மஞ்சள் நிறம். புதுத் தேன் போன்ற மஞ்சள்.

"ஒன்றரை வருஷம் முன்னாடி எடுத்ததுங்கய்யா. பண்ருட்டிப் பலா. வயிரம் பாஞ்ச கட்டை. கரையான் கிட்டயே வராது. அதான் பெயிண்ட் வேணாம், வார்னிஷ் வேணாம், காடிக்கு மெழுகு மட்டும் தடவுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். இடுக்கு அவ்வளவு டைட்டு. அதுல ஒரு முடி அளவு எது போனாலும் சிக்கும். இந்தப் பெட்டிக்கு இருக்கற ஒரே குறை அதுதான். அது இளவரசுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"இப்போது பெட்டி கரும்பழுப்பாக இருக்கிறது."

ஆசாரி நிமிர்ந்தார். மெஹ்ரீனின் கையைப் பிடித்து விரல் நுனியைக் கண்ணருகே கொண்டுபோனார். "அரிக்குதா மகளே?"

"அரை மணியா அரிக்குது மாமு. என்னா, நானும் கொலைகாரியா?"

"முந்திரிக்கொட்டை எண்ணெய்," என்றார் அவர். முந்திரிப் பருப்பின் ஓட்டிலிருந்து எடுக்கிற அந்த எண்ணெய் கடலூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படகுக்கும் கதவுக்கும் கரையான் வராமல் இருக்கப் பூசுவார்கள். ஈரமாகத் தொட்டால் கை வெந்துபோகும். "நல்லா கெட்டியா பூசினா மாசி வரைக்கும் காயாதுங்கய்யா. வெயில்ல வெச்சீங்கன்னா இளகி ஓடும். பலகை வழுக்கிட்டுப் போகும். குளுந்த தண்ணி பட்டுதுன்னா..." அவர் இரண்டு உள்ளங்கைகளையும் இறுகச் சேர்த்துக் காட்டினார். பிறகு அப்படியே வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ்," என்றார்.

உத்திராபதி கனிமொழிக்குப் போன் போட்டார். பானைத் தண்ணீராக நாலு குடம் பெட்டியின்மேல் ஊற்றி, கால்மணி கழித்துப் பலகையைத் தள்ளச் சொன்னார். இருபது நிமிஷத்தில் பதில் வந்தது.

"மூணு பேர் சேந்து தள்ளினோம் சார். அசையல." இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது. ஆனால் உடனே நிமிர்ந்தது. "சரி, எண்ணெய்தான் கொன்னுச்சு. அந்த எண்ணெயப் பூசினது யாரு? பெட்டி அவ வீட்ல இருந்துது. அவளே அப்படித்தான் சொல்றா. இப்ப கேஸ் இன்னும் ஜாஸ்திதான் ஆவுது சார். அஞ்சு மணி."

குறை கிடைத்துவிட்டது. அதுவும் அருள்மொழியின் கழுத்திலேயே விழுந்தது.

ஸ்கூட்டரின் பின்னால் உத்திராபதி எதையும் பிடிக்காமல், முதுகை வளைக்காமல், குடையை மடியில் நிறுத்தி உட்கார்ந்து வருவார். "சார், என்னைப் புடிக்க வேணாம், சீட்டையாவது புடிங்க. நீங்க பின்னாடி உழுந்தா எனக்குத் தெரியக்கூட தெரியாது," என்று மெஹ்ரீன் வழக்கம்போல் சொன்னாள். வழக்கமாக உறுமுவார். இன்றைக்கு உறுமவில்லை.

கடலூர் பழைய நகரில், உப்பனாற்றுப் பக்கத்துச் சந்தில், ஓட்டு வீடு. பன்னிரண்டு வருஷத்தில் உத்திராபதி முதல் தடவையாக அந்த வாசலில் நின்றார்.

அருள்மொழி வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயதில் ஐம்பது வயசுக் கண். உள்ளங்கை இரண்டிலும் தோல் கருத்து உரிந்திருந்தது.

"உள்ள வாங்க மாமா."

"இங்கேயே பேசலாம்," என்றார். தெருவிலேயே நின்றார். "இறக்குவதற்கு முன் எதற்குப் பெட்டியைத் துடைத்தாய்?"

"பிசுக்கா இருந்துது. கைய வெச்சா ஒட்டுது, தொடைச்சு விடுன்னு அவருதான் சொன்னாரு. காத்தால கரைல பத்து வாட்டி பலகையத் தள்ளிப் பாத்தாரு மாமா. நல்லாதான் ஓடுச்சு. ஒண்ணும் ஆவாதுன்னாரு. நல்ல வெயிலு." அவள் தன் கைகளைப் பார்த்தாள். "அப்புறம் தூக்கினப்ப நான் வெளியிலேர்ந்து பிச்சுப் பிச்சு இழுத்தேன். வரல. உள்ளேர்ந்து சத்தமே இல்ல."

"முந்தின நாள் சண்டை?"

"தண்ணி வித்தை வேணாம்னுதான் சண்டை. செத்துத் தொலைன்னு சொன்னேன். சொன்னேன் மாமா."

மெஹ்ரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மழைக்காலத்தில் பெட்டி எங்கே இருந்தது?"

"இங்கதான்."

உத்திராபதி திறந்த கதவு வழியாக உள்சுவரைப் பார்த்தார். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் ஒரு சேற்றுக்கோடு. ஐப்பசி வெள்ளம் விட்டுப்போன கோடு. மர பீரோவின் கால்கள் ஊதி வெடித்திருந்தன. கட்டிலிலும் அதே கோடு.

"இந்த வீட்டில் இருந்த எல்லாச் சாமானிலும் வெள்ளம் கோடு போட்டிருக்கிறது. பெட்டியில் கோடு இல்லை. பெட்டி இங்கே இல்லை. எங்கே இருந்தது?"

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அருள்மொழி, பூசியவர் யார் என்று தெரியாவிட்டால் இன்றைக்கு உன்னைக் கொண்டுபோவார்கள்."

"போறேன் மாமா. சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். குடும்பத்துப் பார்வை. அதே பிடிவாதம், அதே நிமிர்வு. "வாக்குன்னா என்னான்னு உங்க வீட்லதான் கத்துக்கிட்டேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பாமல் மெஹ்ரீன் கொஞ்ச நேரம் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ஒரு பொம்பள ஜெயிலுக்குப் போனாலும் போறேன், காட்டிக் குடுக்க மாட்டேன்னு யாருக்காக சொல்லுவா? குழந்தை இல்ல. புருஷன் இல்ல. மிச்சம் ஒரே ஆளுதான், உங்க வீட்டுல இருக்கற அவங்கம்மா."

"என் வீட்டுக்குள் அந்த வித்தைக்காரனின் துரும்பு கூட நுழைந்ததில்லை."

"நுழையறப்ப உங்களக் கேட்டுட்டா சார் நுழையும்?"

திருவந்திபுரத்து வீட்டில் உத்திராபதியின் தங்கை, அருள்மொழியின் அம்மா ஞானாம்பாள் பின்கட்டு வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். உத்திராபதி செருப்பைக் கழற்றாமல் நேராக உள்ளே போவதைப் பார்த்துப் புளித் தட்டைக் கீழே வைத்தாள்.

பின்கட்டுக் கதவு, உத்திரம், ஏணி, பழைய கலப்பை. எல்லாவற்றிலும் அதே கரும்பழுப்பு, அதே மங்கிய பளபளப்பு. தினமும் பார்த்த பளபளப்பு.

மூலையில் சாக்குகள் குவிந்திருந்தன. மெஹ்ரீன் அவற்றை விலக்கினாள். சிமெண்டுத் தரையில் எண்ணெய் சொட்டிச் சொட்டிக் காய்ந்த பழுப்புத் துளிகள் ஒரு சட்டம்போல் கட்டம் கட்டியிருந்தன. கட்டத்துக்கு நடுவே தரை சுத்தமாக இருந்தது. அவள் முழம் போட்டு அளந்தாள். நீளம் ஐந்தடி. அகலம் மூன்றடி.

"ஞானம்."

"வெள்ளம் வந்துடுச்சுண்ணே," என்றாள் அவள், அழுகை முந்திக்கொண்டு. "அதுங்களுக்கு சோறு போடற பெட்டிண்ணே அது. மாட்டு வண்டில வெச்சு ஐப்பசிலயே கொண்டாந்து வெச்சாங்க, நீங்க சென்னைக்குப் போயிருந்தப்ப. சாக்கு போட்டு மூடினேன். அண்ணனுக்குத் தெரியக்கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கினேன். போகியன்னைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எண்ணெய் யார் பூசினது?"

"எந்த எண்ணெய்?"

"முந்திரி எண்ணெய். பெட்டிக்கு. அதனால்தான் பலகை ஒட்டிக்கொண்டது. அதனால்தான் அவன் செத்தான். யார் பூசினது?"

ஞானாம்பாள் தரையில் இருந்த கட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ரத்தினம்மாள்தான் பூசினா. வேலைக்காரிக்கு என்னா தெரியும்."

"யார் சொல்லிப் பூசினாள்?"

தொழுவத்தில் மாடு சங்கிலியை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்கதாண்ணே."

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் என்று சொல்வதற்கில்லை. மறக்கவேயில்லை, கவனிக்காமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். போகிக்கு ஐந்து நாள் முன்னால், வருஷா வருஷம் செய்வதுபோல், குடையை ஊன்றிக்கொண்டு பின்கட்டு வாசலில் நின்று ரத்தினம்மாளை வேலை வாங்கியது. சாக்குக்கு அடியில் ஒரு மர மூலை தெரிந்தது. குடை நுனியால் அதைக் காட்டி, "அது என்ன?" என்று கேட்டது. "பழைய நெல்லுப் பெட்டிண்ணே," என்று தங்கை சொன்னது. இருட்டு மூலை. அவர் கிட்டே போகவில்லை.

"அதற்கு மட்டும் கரையான் வராதா? அதற்கும் பூசு. ரெண்டு கை பூசு. இடுக்கெல்லாம் விட்டுப் பூசு."

தன் குரலே தன் காதில் கேட்டது. முப்பத்து நாலு வருஷம் எத்தனையோ பேரை உட்காரவைத்து, "யார் சொல்லிச் செய்தாய்?" என்று கேட்ட அதே குரல்.

"வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை?"

"ஏன் வேணாம்னு கேப்பீங்க. அது யாருதுன்னு சொல்லணும். சொன்னா பெட்டியத் தூக்கித் தெருவுல எறிவீங்க. பூசினா நல்லதுதானேன்னு விட்டுட்டேண்ணே. மரத்துக்கு நல்லதுதானே."

மணி நாலரை.

பழைய நகரம் திரும்பும் வழியில், கெடிலம் பாலத்தில், மெஹ்ரீன் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அவளுடைய விரல் நுனிகள் சிவந்து தடித்திருந்தன.

"சார், ஒண்ணு சொல்றேன். ரத்தினம்மாள் தெரியாம பூசிட்டாங்கன்னு சொன்னாலே போதும். கொலை இல்லன்னு ஆயிடும். அந்தம்மாவை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உங்க பேரு எதுக்கு நடுவுல? நாளைக்கு பேப்பர்ல வரும். திருவந்திபுரமே படிக்கும்."

"வேலைக்காரி பேரைச் சொல்லி என் பேரைக் காப்பாற்றிக்கொள்வதா?" உத்திராபதி ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்படிக் காப்பாற்றினால் அது பேரே இல்லை. வண்டியை எடு."

இந்தத் தடவை அவர் சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

ஜீப் அவர்களுக்கு முன்பே வந்திருந்தது. சந்தில் நாற்பது பேர். வாசற்படியில் அருள்மொழி, ஒரு துணிப்பையோடு. போகத் தயாராக நின்றாள். கனிமொழி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உத்திராபதி குடையை மெஹ்ரீனிடம் கொடுத்தார். கூட்டத்துக்குக் கேட்கும்படி, சாட்சிக்கூண்டில் நிற்பவர்போல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னார்.

"எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர். ஐப்பசி முதல் போகி வரை பெட்டி என் வீட்டில் இருந்தது. என் தங்கை எனக்குப் பயந்து மறைத்து வைத்திருந்தாள். எண்ணெய் பூசச் சொன்னது நான். இடுக்கில் விட்டுப் பூசச் சொன்னதும் நான். பூசிய வேலைக்காரிக்கு ஒன்றும் தெரியாது. என் வீட்டுத் தரையில் பெட்டியின் தடம் இருக்கிறது, வந்து பாருங்கள். இந்தப் பெண் எதையும் செய்யவில்லை. இது என் வாக்குமூலம். திருவந்திபுரம் வைத்தியலிங்கம் மகன் உத்திராபதி."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. கனிமொழி எழுதி முடித்து, கையெழுத்துக்கு நீட்டினார். அவர் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கனிமொழி, "அவங்க இங்கயே இருக்கட்டும். நாளைக்கு உங்க வீட்டுத் தரையப் பாக்க வர்றேன் சார்," என்று சொல்லி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறினார். கூட்டம் மெல்லக் கலைந்தது.

அருள்மொழி துணிப்பையைக் கீழே வைக்கவில்லை. அவளுடைய கண் அவரைவிட்டு நகரவில்லை. வெந்த உள்ளங்கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் அவள் உள்ளே கூப்பிட்டாள். அவர் தெருவில் நின்றார். இப்போது அவர் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அவள் கூப்பிடவில்லை. கதவையும் சாத்தவில்லை.

மெஹ்ரீன் அவர் பக்கத்தில் வந்தாள். குடையை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்தாள். அவர் அதை மெல்ல விலக்கிவிட்டு, மேற்கே சாய்ந்த வெயிலில், வெறுங்காலோடு நின்றுகொண்டே இருந்தார்.